அழுக்குக் கூடை யார் பொறுப்பு?

(ஒலிவடிவில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளன.)

இந்த எபிசோடில் விருந்தினர் யாரும் இல்லை. நான் மட்டும்தான் பேசப் போறேன். விஷயமும் ரொம்பச் சாதாரணமானது. வீட்டுத் துணியைத் துவைக்கிறது, அதைப் பிள்ளைகளுக்குக் கத்துக்கொடுக்கிறது.

"இதுக்கெல்லாம் ஒரு எபிசோடா?"ன்னு நீங்க நினைக்கலாம். உங்கள்ல பாதிப் பேர் இன்னும் கல்யாணம் ஆகாதவங்க, பி.ஜி.யிலோ நண்பர்களோட வாடகை வீட்டிலோ இருக்கிறவங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாருங்க. ஊருக்குப் போகும்போது பையில என்ன இருக்கு? அழுக்குத் துணி. திரும்பி வரும்போது அதே பையில என்ன இருக்கு? துவைச்சு, மடிச்சு வச்ச துணி. நடுவில என்ன நடந்துச்சு? அதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி

எங்க வீட்டில ரெண்டு பிள்ளைங்க. பையனுக்கு 12 வயசு, பொண்ணுக்கு 9. நான், மனைவி ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். எங்க அம்மா எங்களோட இருக்காங்க. சென்னையில ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, போர்வெல் தண்ணி, பால்கனியில ரெண்டு கொடி. உங்களுக்குத் தெரிஞ்ச வீடுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, மணி பத்து ஆகப் போகுது. பையன் வந்து நிக்கிறான். "அப்பா, நாளைக்கு பி.டி. பீரியடு. வெள்ளை யூனிஃபார்ம் எங்க இருக்கு?" நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தா. அந்த யூனிஃபார்ம் வியாழக்கிழமையிலிருந்து பள்ளிக்கூடப் பையிலயே சுருட்டிக் கிடந்ததுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அதை எடுத்தமா இல்லையான்னுதான் தெரியலை.

அப்போ உள்ளேயிருந்து பொண்ணு குரல் கொடுத்தா. "நான் நேத்தே மெஷின்ல போட்டுட்டேன். மொட்டை மாடியில காய வச்சு எடுத்தும் வச்சுட்டேன்."

யாரும் அவகிட்ட சொல்லலை. 9 வயசுப் பொண்ணு, அண்ணனோட பையைத் திறந்து, துணியை எடுத்து, துவைச்சு, காயவச்சு வச்சிருக்கா. எங்க அம்மா அவளைக் கட்டிப்பிடிச்சு, "பொம்பளப் புள்ளன்னா பொம்பளப் புள்ளதான்"ன்னாங்க. எனக்கும் பெருமை தாங்கலை. உடனே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில ஒரு மெசேஜ் போட்டேன். ஆளாளுக்கு இதயம் போட்டாங்க.

என் தங்கச்சி மட்டும் எதுவும் போடலை. மறுநாள் போன் பண்ணினா.

"அண்ணே, அவளை எதுக்குப் பாராட்டுற?"

"ஏன், நல்ல விஷயந்தானே?"

"அது அவ துணியா? அவன் துணியை அவ ஏன் ஞாபகம் வச்சிருக்கா? அதை யோசிச்சியா? எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது."

1998, அந்த ஒரு மாசம்

அவ எதைச் சொல்றான்னு எனக்கு உடனே புரியலை. அவதான் ஞாபகப்படுத்தினா.

1998. நாங்க திண்டுக்கல்ல இருந்தோம். நான் ப்ளஸ் ஒன், அவ ஒன்பதாம் வகுப்பு. அம்மாவுக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாசம் படுத்துட்டாங்க. கீழாநெல்லி, பத்தியம், உப்பில்லாத சாப்பாடு, அதெல்லாம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சமையலுக்கு அத்தை வந்து போனாங்க. துணி யார் துவைச்சாங்கன்னு கேட்டா எனக்குப் பதில் தெரியாது. நிஜமாவே தெரியாது. துணி துவைச்சபடிதான் இருந்தது. என் வெள்ளைச் சட்டை தினமும் கொடியில இருந்தது. நான் எடுத்துப் போட்டுக்கிட்டுப் போனேன்.

"நான்தான் துவைச்சேன் அண்ணே. அஞ்சு மணிக்கு எந்திரிச்சு. உன் சட்டைக் காலர்ல இருக்கிற அழுக்கு, ப்ரஷ் போட்டுத் தேச்சாலும் போகாது. இப்பவும் எனக்கு ஞாபகம் இருக்கு."

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம, "நீ என்கிட்ட சொல்லியிருக்கலாமே"ன்னேன்.

"என்கிட்ட மட்டும் யாராவது கேட்டா செஞ்சாங்க?"ன்னா.

அப்புறம் இன்னொண்ணும் சொன்னா. அவ பள்ளிக்கூட கோ-கோ டீம்ல இருந்தா. பயிற்சி காலையில ஆறு மணிக்கு. அந்த ஒரு மாசம் போக முடியலை. அதுக்கப்புறம் டீம்ல வேற ஒரு பொண்ணு வந்துட்டா. அவ கோ-கோவை விட்டது எனக்குத் தெரியும். 'சலிச்சுப் போச்சு போல'ன்னு இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

இதைச் சோகக் கதையா சொல்லலை. அவளும் அப்படிச் சொல்லலை, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா யாரும் கொடுமைக்காரங்களா இல்லாத ஒரு வீட்டில, யாரும் யாரையும் அதட்டாமலேயே, ஒரு 14 வயசுப் பொண்ணோட காலைப்பொழுது மொத்தமும் போயிருக்கு. அதே கூரைக்குக் கீழ இருந்த எனக்கு அது கண்ணிலயே படலை. இதுதான் என்னை உலுக்குச்சு. ஏன்னா என் பொண்ணு அந்த யூனிஃபார்மை எடுத்துத் துவைச்சப்பவும் யாரும் அவளை அதட்டலை.

மெஷின் எதை மிச்சம் பிடிச்சது?

"அப்போ கல்லுல அடிச்சுத் துவைச்சோம், இப்போ மெஷின் இருக்கே"ன்னு சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன்.

ஹான்ஸ் ரோஸ்லிங்னு ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஒருத்தர், புள்ளிவிவரங்களைச் சுவையா விளக்குறதில பெயர் பெற்றவர். 2010-இல் அவர் வாஷிங் மெஷினைப் பற்றி ஒரு டெட் உரை நிகழ்த்தினார். அவர் சின்னப் பையனா இருந்தப்போ வீட்டுக்கு முதல் மெஷின் வருது. அம்மா துணியைப் போட்டுட்டு, மிச்சமான நேரத்தில மகனை நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. அருமையான உரை, பாருங்க. அது உண்மைதான். விறகு வச்சுத் தண்ணி சுடவச்சு, கையால துவைச்ச தலைமுறைக்கு மெஷின் ஒரு விடுதலை.

ஆனா இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன்னு ஒரு அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-இல் 'மோர் வொர்க் ஃபார் மதர்'னு ஒரு புத்தகம் எழுதினார். 'அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை'ங்கிறதுதான் தலைப்பே. வீட்டு உபயோக இயந்திரங்கள் வந்தப்போ ஆண்களும் பிள்ளைகளும் செய்த வேலைகள்தான் முதலில் குறைந்தன. அம்மாவுடைய நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை என்பது அவருடைய வாதம். காரணம் எளிமையானது. துவைக்கிறது சுலபமானதும், அடிக்கடி துவைக்க ஆரம்பிச்சோம். ரெண்டு நாள் போட்ட சட்டை ஒரு நாள் சட்டை ஆச்சு. வெளியே வெளுக்கப் போட்ட துணியும் வீட்டுக்குள்ளயே வந்துருச்சு.

நம்ம ஊர்க் கணக்கையும் சொல்றேன். தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், ஊதியமில்லாத வீட்டு வேலை செய்பவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். அப்படிச் செய்கிறவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார். ஆண் 97 நிமிடம். கவனிங்க, இந்தக் கணக்கு 6 வயசிலிருந்து ஆரம்பிக்குது. என் பொண்ணுக்கு 9.

யார் துவைக்கணும்னு யார் முடிவு பண்ணது?

இதைப் பேசும்போது இன்னொரு விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. நம்ம ஊர்ல துணி துவைக்கிறது பொம்பளை வேலைங்கிறது ஒரு பாதி. இன்னொரு பாதி சாதி.

என் சின்ன வயசில வீட்டுக்கு வந்து மூட்டை கட்டித் துணி எடுத்துட்டுப் போற அம்மாவை, அவங்க வயசில பாதிகூட இல்லாத நாங்க பேர் சொல்லி, 'வா, போ'ன்னு கூப்பிட்டோம். யாரும் எங்களைத் திருத்தலை. சென்னையில வண்ணாரப்பேட்டை இருக்கே, கிழக்கிந்தியக் கம்பெனி வியாபாரம் செய்த துணிகளை வெளுத்துக் கொடுத்தவங்க குடியிருந்த இடம். அந்தப் பேருக்குப் பின்னாடி அவ்வளவு பேரோட உழைப்பு இருக்கு. நாம அதை மெட்ரோ ஸ்டேஷன் பேராத்தான் கேக்கிறோம். இமையம் எழுதின 'கோவேறு கழுதைகள்' நாவலைப் படிக்காதவங்க படிங்க. தலித் மக்களுக்கே துணி வெளுக்கிற புதிரை வண்ணார் சமூகத்துப் பெண்ணோட வாழ்க்கை. அதைப் படிச்சிட்டு அழுக்குத் துணியை அடுத்தவங்க முன்னாடி வீசிப் போட மனசு வராது.

இதை ஏன் சொல்றேன்னா, பிள்ளைகளுக்குத் துவைக்கக் கத்துக்கொடுக்கணும்னு சொன்னா, "அதுக்கெல்லாம் ஆள் வச்சுக்கலாம்"ன்னு ஒரு பதில் வரும். ஆள் வைக்கிறது தப்பில்லை, அது ஒருத்தரோட பிழைப்பு. ஆனா 'இது என் வேலை இல்லை, இதைச் செய்யத்தான் வேற ஆளுங்க இருக்காங்க'ங்கிற நினைப்பு ஒரு பிள்ளை மனசில எப்போ உக்காருதோ, அது துணியோட நிக்காது.

துணி போடுறது வேற, துணி பாக்கிறது வேற

சரி, நாங்க என்ன பண்ணினோம்? ஒரு சனிக்கிழமை அஞ்சு பேரும் உக்காந்தோம். துணி சம்பந்தமா வீட்டில என்னென்ன வேலை நடக்குதுன்னு ஒரு பேப்பர்ல எழுதச் சொன்னேன். நான் மூணு எழுதினேன். மெஷின்ல போடுறது, காயப்போடுறது, மடிக்கிறது.

மனைவி எழுதினது இது. கூடையிலும் பையிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கிறதைத் தேடி எடுக்கிறது. வெள்ளை, கலர், சாயம் போறது, முரட்டுத் துணின்னு பிரிக்கிறது. பாக்கெட் பாக்கிறது. கறையைத் தனியா ஊறவைக்கிறது. மெஷின்ல போடுறது. முடிஞ்சதும் உடனே எடுக்கிறது. காயப்போடுறது. மழை வருதான்னு பாக்கிறது. எடுக்கிறது, மடிக்கிறது, அவங்கவங்க அலமாரியில வைக்கிறது. பட்டன் போனதைத் தைக்கிறது. சோப்புத்தூள் தீர்றதுக்கு முன்னாடி வாங்குறது. கடைசியா ஒண்ணு எழுதியிருந்தா: 'இது எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கிறது.'

"உனக்கு என்ன உதவி வேணும்?"னு கேட்டேன். "உதவி வேண்டாம். துணியைப் பத்தி யோசிக்காத ஒரு வாரம் வேணும்"ன்னா.

அங்கதான் எனக்கு விளங்குச்சு. நான் அத்தனை வருஷமா 'ஹெல்ப்' பண்ணிக்கிட்டு இருந்தேன். "காயப்போடட்டா?"ன்னு கேட்பேன். 'போடு'ன்னு சொல்ற பொறுப்பு அவகிட்டயே இருந்தது. பிள்ளைங்ககிட்டயும் நாம இப்படித்தான் பண்றோம். "கண்ணா, இந்தச் சாக்ஸை ஜோடி சேர்த்துக் குடு"ன்னு ஒரு துண்டு வேலையைக் குடுக்கிறோம். அவங்க கை வேலை செய்யும், மண்டை வேலை நம்மகிட்டயே இருக்கும்.

அதனால ஒரே ஒரு விதி வச்சோம். யார் எடுத்தாலும் முழு வேலையா எடுக்கணும், ஞாபகம் வைக்கிறதோட சேர்த்து. பையனுக்கு ஒரு கூடை, அவன் துணி, புதனும் சனியும் மெஷின் அவனுக்கு. பொண்ணுக்கு ஒரு கூடை, அவ துணி, செவ்வாயும் வெள்ளியும். கொடி எட்டாததால காயப்போடும்போது மட்டும் நான் கூட நிக்கணும். போர்வை, துண்டு, திரைச்சீலை, என் துணி, அம்மா துணி எல்லாம் என் பொறுப்பு. மனைவிக்கு அவ துணி மட்டும்.

பொண்ணு ஒரு கேள்வி கேட்டா. "அண்ணன் மறந்துட்டா நான் ஞாபகப்படுத்தலாமா?"

எனக்குச் சட்டுன்னு பதில் வரலை. ஞாபகப்படுத்துறது நல்ல குணந்தானே? மனைவிதான் சொன்னா: "வேண்டாம்டா. ஞாபகப்படுத்துறதும் வேலைதான். அது அவன் வேலை." இவளுக்குத் துவைக்கிறதைவிட, சும்மா இருக்கிறதுதான் கஷ்டமா இருந்தது. அண்ணன் கூடையைப் பார்ப்பா, என்னைப் பார்ப்பா, வாயை மூடிக்குவா. பையன் துவைக்கக் கத்துக்கணும், பொண்ணு அடுத்தவங்க வேலையை எடுத்துத் தோள்ல போட்டுக்காம இருக்கக் கத்துக்கணும். ரெண்டும் ஒரே பாடந்தான்.

சொதப்பல்களும் கொஞ்சம் கெமிஸ்ட்ரியும்

முதல் வாரம் பையன் ட்ரம்மைத் திணிச்சு அடைச்சுட்டான். துணி புரளவே இடமில்லை. வெளியே வந்ததில பாதி சோப்புத்தூள் திட்டுத் திட்டா ஒட்டியிருந்தது. முக்கால் ட்ரம்தான் போடணும், மேல ஒரு கை நுழையிற அளவு இடம் இருக்கணும்னு அவனே கண்டுபிடிச்சான். ரெண்டாவது தடவை பாக்கெட்ல டிஷ்யூ பேப்பர். கறுப்பு டி-ஷர்ட் முழுக்க வெள்ளைத் துகள். அரை மணி நேரம் உதறிக்கிட்டு இருந்தான். அதுக்கப்புறம் பாக்கெட் பாக்க நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

தனியா இருக்கிற நண்பர்களே, இந்தப் பகுதி உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நிறைய நுரை வந்தாத்தான் அழுக்குப் போகும்னு நினைக்காதீங்க. முன்பக்கக் கதவு மெஷின்ல நுரை அதிகமானா துணி சரியா அலசப்படாது. போர்வெல் தண்ணியில கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். அது சோப்புக்கட்டியோட சேர்ந்து திப்பி மாதிரி துணியில படியும். வெள்ளை பழுப்பா மாறுறதுக்கும், துண்டு அட்டை மாதிரி விறைக்கிறதுக்கும் அது ஒரு முக்கியமான காரணம். மெஷின் முடிஞ்சதும் துணியை எடுங்க. ராத்திரி முழுக்க உள்ளேயே கிடந்தா அந்த ஈர வாடை வரும், அதுக்கு மறுபடியும் துவைக்கிறதுதான் வழி. எடுத்த பிறகு மெஷின் கதவைத் திறந்து வைங்க. ஆனா வீட்டில சின்னக் குழந்தை இருந்தா கதவு விஷயத்தில கவனம், உள்ளே ஏறிப் பார்ப்பாங்க. சோப்புத் திரவம் எப்பவும் எட்டாத உயரத்தில இருக்கணும்.

துணி லேபிள்ல இருக்கிற குறிகளைப் பிள்ளைகளுக்குப் புதிர் மாதிரி சொல்லிக் கொடுத்தேன். தொட்டி படத்துக்குள்ள கை இருந்தா கையால துவைக்கணும். முக்கோணம் ப்ளீச். இஸ்திரிப் பெட்டி படத்தில புள்ளி கூடக் கூடச் சூடு கூடலாம். எதன் மேல பெருக்கல் குறி இருக்கோ, அதைச் செய்யக் கூடாது. ஒரு வாரம் வீட்டில இருந்த எல்லாச் சட்டையோட கழுத்துப் பக்கமும் சோதனை நடந்தது.

கறைதான் அவங்களுக்குப் பிடிச்ச பாடம். சாம்பார் சிந்தின சட்டையில சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பா மாறும், பாத்திருப்பீங்க. பொண்ணு பயந்துட்டா, 'ரத்தம்'ன்னு. மஞ்சள்ல இருக்கிற குர்குமின் காரத்தோட சேர்ந்தா சிவக்கும். பள்ளிக்கூடத்தில லிட்மஸ் தாள் காட்டுற அதே வேலையைச் சட்டை காட்டுது. சோப்பை அலசி, நல்ல வெயில்ல போட்டா கொஞ்சம் கொஞ்சமா வெளுத்துடும். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது.

நிஜ ரத்தக் கறைக்கு வேற பாடம். அதைப் பையன், பொண்ணு ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு மனைவி சொல்லிக் கொடுத்தா. ரத்தத்தில புரதம் இருக்கு. சுடுதண்ணி பட்டா முட்டை வேகுற மாதிரி இறுகித் துணியில பிடிச்சுக்கும். அதனால முதல்ல பச்சைத் தண்ணி, உடனே. மாதவிடாய்னா என்ன, கறை ஏன் வரும், அதுல ஒளிக்க ஒண்ணுமில்லைன்னு அப்போதான் பேசினோம். நம்ம நிறைய வீட்டில அந்தத் துணியை இன்னொரு துணிக்கு அடியில, வெயில் படாத மூலையில காயவைப்பாங்க. எங்க வீட்டிலயும் அப்படித்தான் இருந்தது. பையன் எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்போ கிரிக்கெட்ல முட்டி பேந்து பேன்ட்ல பட்டாலும் பச்சைத் தண்ணிதானா?"ன்னு கேட்டான். ஆமாடா, அதே பச்சைத் தண்ணிதான். அவனுக்கு அது வெறும் ஒரு கறையா இருந்ததே எனக்குப் போதும்.

மூணாவது வாரம்

இதுவரைக்கும் கேட்டா எல்லாம் அழகா நடந்த மாதிரி இருக்கும். மூணாவது வாரம் பையன் சனிக்கிழமையை மறந்துட்டான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, அதே நேரம், அதே வெள்ளை யூனிஃபார்ம். இந்தத் தடவை யாரும் துவைச்சு வைக்கலை.

அழ ஆரம்பிச்சுட்டான். "வெள்ளை போடாம போனா கிரவுண்டைச் சுத்தி ஓட விடுவாங்கப்பா." என் கை பரபரன்னுது. 15 நிமிஷ க்விக் வாஷ் போட்டு, இஸ்திரி போட்டா காலையில ரெடி. எனக்குத் தெரியும். ஆனா நான் எந்திரிக்கலை. "நீ இப்போ போட்டுக்கோ. காஞ்சா காயட்டும், காயலைன்னா சார்கிட்ட மறந்துட்டேன்னு சொல்லு"ன்னேன். கோபத்தில கதவைச் சாத்திக்கிட்டுப் போய்ப் படுத்துட்டான்.

காலையில அஞ்சு மணிக்கு எதோ சத்தம். எந்திரிச்சு வந்து பார்த்தா, எங்க அம்மா. 70 வயசு. கையால அலசிப் பிழிஞ்ச சட்டையை ஃபேனுக்குக் கீழ நாற்காலியில போட்டுட்டு, ஈரத்தோட பேன்ட்டை இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்காங்க.

"என்னம்மா பண்ற நீ?"

"புள்ள அழுதான்டா. ஆம்பளப் புள்ள, அவனுக்கு என்ன தெரியும்?"

எனக்குக் கோபம் வந்திருக்கணும். ஆனா அந்த அஞ்சு மணி எனக்கு வேற எதையோ ஞாபகப்படுத்துச்சு. கேட்டுட்டேன். "அம்மா, நீ காமாலையில படுத்திருந்தப்போ தங்கச்சிதான் அஞ்சு மணிக்கு எந்திரிச்சுத் துவைச்சாளா?"

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வச்சாங்க. கொஞ்ச நேரம் பேசலை.

"படுத்த இடத்திலிருந்து அந்தச் சத்தம் கேக்கும்டா. கல்லுல துணி அடிக்கிற சத்தம். சின்னக் கை, சத்தம் வேற மாதிரி இருக்கும். உன்னை எழுப்பலாம்னு எனக்குத் தோணவே இல்லை. இப்ப நீ கேக்கிறப்போதான் தோணுது."

அவ்வளவுதான். நான் எதுவும் சொல்லலை, சொல்லவும் ஒண்ணுமில்லை. அவங்களுக்கும் யாரும் அதைத் தோண வச்சதில்லையே. பையன் எந்திரிச்சு வந்து பாட்டியைப் பார்த்தான். ஈர பேன்ட்டைப் பார்த்தான். அவனுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. "நகருங்க பாட்டி"ன்னு சொல்லிட்டு, மிச்ச இஸ்திரியை, நான் பக்கத்தில நிக்க, அவனே போட்டான். சட்டை முழுசாக் காயலை. அப்படியேதான் போட்டுக்கிட்டுப் போனான்.

அதுக்கப்புறம் அவன் மறக்கவே இல்லைன்னு சொன்னா பொய். ரெண்டு தடவை மறந்திருக்கான். ஒரு தடவை கலர் சட்டையோட போய் ஓடிட்டு வந்தான். ஆனா இப்போ அது எங்க யாரோட பதற்றமும் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு யார் முகத்தையும் பாக்காம, கூடையைப் பாக்கிறான்.

முடிக்கிறதுக்கு முன்னாடி

தங்கச்சிக்கு போன் பண்ணினேன். அம்மா சொன்னதைச் சொன்னேன். "கோ-கோ விஷயம் எனக்குத் தெரியாம போச்சு, மன்னிச்சுக்கோ"ன்னேன். ரெண்டு நொடி அமைதி. அப்புறம், "சரி அண்ணே, இப்போ என்ன, பொங்கலுக்கு வர்றேன், ரெண்டு மூட்டை அழுக்குத் துணியோட வர்றேன். துவைச்சுத் தர்றியா?"ன்னு கேட்டா. தர்றேன்னு சொல்லியிருக்கேன். கொண்டு வருவாளான்னு தெரியாது, ஆனா ஒரு நாளை ஒதுக்கி வச்சிருக்கேன்.

பிள்ளைங்க இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல விரும்புறது இதுதான். அஞ்சு வயசில சாக்ஸ் ஜோடி சேர்க்கட்டும். ஏழெட்டு வயசில பிரிக்கட்டும், மடிக்கட்டும். பத்து வயசுக்கு மேல கூடையை முழுசாக் கைமாத்துங்க. வேலையைக் குடுக்கிறப்போ ஞாபகம் வைக்கிறதையும் சேர்த்துக் குடுங்க. நல்லாச் செய்ற பிள்ளைகிட்ட இன்னும் கொஞ்சம்னு ஏத்தாதீங்க. நாம அப்படித்தான் பண்றோம். பொறுப்பா இருக்கிற பொண்ணுக்குப் பாராட்டும் வேலையும், பொறுப்பில்லாத பையனுக்கு ஓய்வும் கிடைக்குது.

பிள்ளைங்க இல்லாதவங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ அந்தப் பையை நீங்களே திறங்க. நீங்களே மெஷின்ல போடுங்க. காயுற நேரத்தில, வீட்டில அம்மாகிட்டயோ அக்காகிட்டயோ தங்கச்சிகிட்டயோ ஒரு கேள்வி கேளுங்க. "நான் படிச்சுக்கிட்டு இருந்தப்போ என் துணியை யார் துவைச்சது? அதுக்காக அவங்க எதை விட்டாங்க?"

பதில் வந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில சந்திப்போம். இன்னைக்கு புதன்கிழமை, மெஷின் பையனோட முறை. நான் போய்க் கொடியில கிடக்கிற என் துண்டை எடுக்கணும், அவனுக்கு இடம் வேணும்.